சரக்கு ரயிலில் முதல் தனிப்பணி: டெல்டாவுக்குப் புதிதாக வரும் ரயில் மேலாளர்களுக்கு

ரயில்வே தேர்வில் தேறி, பயிற்சி முடித்து, திருச்சி கோட்டத்தில் சரக்கு ரயில் மேலாளராகப் பணியமரும் ஒருவருக்கு விதிப்புத்தகம் தெரியும், வண்டி தெரியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் ஆறு மாதங்களில் நான் இழந்த தூக்கத்திலும் சாப்பாட்டிலும் படித்தொகையிலும் பாதியையாவது, யாராவது முன்கூட்டியே உட்கார்ந்து விளக்கியிருந்தால் மிச்சப்படுத்தியிருப்பேன். அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். 2022 ஜனவரியில் பதவியின் பெயர் மாறிவிட்டது என்றாலும், லாபியிலும் (பணிக்கு வருகை பதியும் அலுவலகம்) கன்ட்ரோலிலும் (வண்டிகளின் ஓட்டத்தை இயக்கும் அறை) நெல் மூட்டை ஏற்றுபவர்களிடமும் நீங்கள் இன்னும் கார்டுதான். அந்தச் சொல்லைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

1. சேருவதற்கு முன்: தாள்களும் கண்களும்

தேர்வு எழுதவிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இந்தப் பகுதி. பணியில் சேர்ந்துவிட்டவர்கள் தாண்டிச் செல்லலாம்.

இந்தப் பணிக்குப் பட்டப்படிப்பு வேண்டும். தொடக்க அடிப்படை ஊதியம் ஏழாவது ஊதியக் குழுவின் ஐந்தாம் நிலையில் 29,200 ரூபாய். விண்ணப்பக் கட்டணம் பொதுவாக 500 ரூபாய். முதல் கட்டக் கணினித் தேர்வை எழுதினால் அதில் 400 ரூபாய் வங்கிச் செலவு போகத் திரும்பி வரும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்டோருக்குக் கட்டணம் 250 ரூபாய், அதுவும் வங்கிச் செலவு போகத் திரும்பும். விண்ணப்பத்தில் கொடுக்கும் வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

சான்றிதழ் சரிபார்ப்பில் டெல்டாப் பிள்ளைகள் அதிகம் சிக்குவது இரண்டு இடங்களில். முதலாவது, சாதிச் சான்று. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று வாங்கிவைத்திருக்கும் சான்று ரயில்வேக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் இல்லை என்ற குறிப்புடன், அறிவிப்பில் கேட்ட காலத்துக்குரிய ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய்தான். ஆனால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசைகளைத் தாண்டி வர நாள் பிடிக்கும். கொள்முதல் காலத்திலும் வெள்ள நிவாரணக் காலத்திலும் அந்த மேசைகள் எதுவுமே நகராது. ஆகவே அறிவிப்பு வந்த வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். இரண்டாவது, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றில் ஒற்றை எழுத்தாகவும், ஆதாரில் தந்தையின் முழுப் பெயராகவும், பட்டத்தில் ஊர்ப் பெயர் எழுத்தும் சேர்ந்தும் இருந்தால், ‘இவர்கள் மூவரும் ஒருவரே’ என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றோடு ஒத்துப்போகுமாறு முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

மருத்துவச் சோதனைக் கட்டணம் வெறும் 24 ரூபாய். அதில் தவறினால் போவதோ வேலையே. ரயில் மேலாளருக்கு ஏ-2 தரம்; கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் தூரப்பார்வை 6/9 இருக்க வேண்டும், நிறப்பார்வையும் இரவுப் பார்வையும் சோதிக்கப்படும். பட்டம் முடித்து, ஈராண்டு பயிற்சி மையத்தில் படித்து, இரண்டு கட்டத் தேர்விலும் தேறிய பிறகு நிறக்குருடு என்று தெரிந்து திரும்பிய ஒருவரை நான் அறிவேன். விண்ணப்பிக்கும் முன்பே அரசு மருத்துவமனையில் நிறப்பார்வைத் தாளைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

2. பாதையைப் பழகுதல்: கையெழுத்திடுவதற்கு முன் இரவில் பார்த்துவிடுங்கள்

பயிற்சிக்குப் பின் மூத்த மேலாளர்களோடு அனுப்பிப் பாதையைப் பழகச் சொல்வார்கள், எல்.ஆர். என்பது அதன் பெயர். பழகிவிட்டேன் என்று நீங்கள் கையெழுத்திட்ட பகுதிக்குத்தான் உங்களைப் பணிக்கு அனுப்பலாம். ஆள் பற்றாக்குறை உள்ள நாளில், “பகலில் பார்த்தீர்கள் அல்லவா, கையெழுத்துப் போடுங்கள்” என்று ஒருவர் அன்பாகச் சொல்வார். போடாதீர்கள். பொன்மலையிலிருந்து தஞ்சாவூர் வரை இரட்டைப் பாதை. அதற்கப்பால் கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்கும், நீடாமங்கலம் வழியாகத் திருவாரூர், நாகப்பட்டினம், காரைக்காலுக்கும் போகும் பாதைகளின் பெரும்பகுதி ஒற்றைப் பாதை. பகலில் எல்லா ஊரும் வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்புமாக ஒன்றுபோலத் தோன்றும். இரவில் அந்த ஒற்றுமையும் இருக்காது, இருட்டுதான் இருக்கும். எந்தப் பாலத்தின் ஓசைக்குப் பிறகு எந்த நிலையத்தின் டிஸ்டன்ட் (முன்னறிவிப்புச் சிக்னல்) வரும் என்று காதால் அறிந்துகொள்ள ஓர் இரவுப் பயணமாவது அவசியம்.

ஒரு சிறு குறிப்பேடு வைத்து, நிலையம்தோறும் நான்கு செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள்: லூப் லைன் (வண்டி ஒதுங்கி வழிவிடும் பக்கப் பாதை) எந்தப் பக்கம், பிரேக் வேன் (வண்டியின் கடைசியில் மேலாளர் இருக்கும் பெட்டி) நிற்கும் இடத்தில் கீழே இறங்கக் கெட்டியான தரை இருக்கிறதா, குடிநீர் எங்கே, இரவில் திறந்திருக்கும் கடை எது. முதல் இரண்டும் பாதுகாப்புக்கு, பின்னிரண்டும் உங்கள் வயிற்றுக்கு. நீடாமங்கலத்துக்குத் தனிப் பக்கமே ஒதுக்குங்கள். மன்னார்குடி கிளைப்பாதையின் வண்டிகள் அங்கே இன்ஜினை மாற்றித் திருப்புவதால் நிலையத்தை ஒட்டிய கேட் அடிக்கடி மூடிக்கிடக்கும். சாலையில் பேருந்துகள் வரிசை கட்டும். நெல் ரேக் (ஒன்றாகக் கோத்த வேகன் தொடர்) ஷண்டிங் (முன்னும் பின்னும் நகர்த்தி வரிசைப்படுத்துதல்) நடக்கும்போது, மூடிய கேட்டின் அடியில் குனிந்து வேகன்களுக்கிடையே புகுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்தே அங்கு கைவிளக்கை அசைக்க வேண்டும்.

ஒரு பகுதியில் 3 மாதங்களுக்கு மேல் ஓடாமல் இருந்தால் மறுபடியும் பழகவேண்டும் என்பது விதி. கணினி அதைக் கணக்கு வைத்திருக்கும் என்று நம்பி இருந்துவிடாமல் நீங்களும் தேதி குறித்து வையுங்கள்.

3. பை: எடை குறைக்கக்கூடாத இடம்

அலுவலகம் தருபவை: சிவப்புக் கொடி இரண்டு, பச்சைக் கொடி ஒன்று, மூவண்ணக் கைவிளக்கு, விசில், தகரப் பெட்டியில் 10 டெட்டனேட்டர் (தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறும்போது வெடித்து ஓட்டுநரை எச்சரிப்பது), வாக்கி டாக்கி, விதிப்புத்தகம், பணி அட்டவணை, முதலுதவிப் பெட்டி, பூட்டுகள், எல்.வி. பலகை (இதுவே கடைசிப் பெட்டி என்று காட்டுவது), இரவுக்கான பின்விளக்கு. இவற்றைப் பெற்றுக்கொள்ளும்போது கையெழுத்திடும் பதிவேட்டில் ஒவ்வொன்றின் நிலையையும் எழுதுங்கள். டெட்டனேட்டரில் தயாரிப்பு ஆண்டு பொறித்திருக்கும். காலம் கடந்ததை வாங்கிவிட்டால் பிறகு அது உங்கள் குற்றமாகிவிடும். பணியில் சேர்ந்த பிறகு கண்ணாடி தேவைப்பட்டவர்கள் ஒரு மாற்றுக் கண்ணாடியும் வைத்திருப்பது விதி.

நீங்களே வாங்க வேண்டியவை வேறு. நான் முதல் மாதத்தில் ஏறத்தாழ 4,000 ரூபாய் செலவு செய்தேன்: தலையில் மாட்டும் விளக்கு, கணுக்கால் மூடிய காலணி, மழைக்கோட்டு, நான்கடுக்கு டிபன் கேரியர், 5 லிட்டர் தண்ணீர்க் கேன், கொசுவலைத் தொப்பி, கோணிப்பை ஒன்று. கோணிப்பை எதற்கென்று கேட்பீர்கள். நான்கு சக்கரப் பிரேக் வேனில் இருக்கை என்று ஒன்று இருந்தாலும் அது உட்காருவதற்கானது அன்று. வேகம் கூடினால் அந்த வேன் முறத்தில் போட்ட அரிசிபோல உங்களைப் புடைக்கும். மடித்த கோணிப்பை முதுகெலும்பைக் காப்பாற்றும். அந்த வகை வேனில் கழிப்பறையும் இல்லை. எட்டுச் சக்கர வேனில் உண்டு என்றாலும் தண்ணீர் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. பெண் மேலாளர்கள் பலரும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு நோயை வரவழைத்துக்கொள்கிறார்கள். அதைவிட, வழியில் நிற்கும் நிலையத்தில் பத்து நிமிடம் வேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. எந்தக் கன்ட்ரோலரும் அதற்கு மறுப்புச் சொல்லி நான் கேட்டதில்லை.

4. அழைப்பு: இரண்டு மணி நேரம் என்பது எவ்வளவு

பணிக்கான அழைப்பு, புறப்படும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு கைப்பேசியில் வரும். ஊரகத்தில் குடியிருப்பவர்களுக்கு இது மிகக் குறைவு. நான் தொடக்கத்தில் வாடகையை மிச்சப்படுத்தலாம் என்று சொந்த ஊரிலிருந்தே போய்வந்தேன். இரவு ஒன்றரை மணி அழைப்புக்குப் பேருந்து கிடையாது, பைக்கில் 34 கிலோமீட்டர், கூடவே மார்கழிப் பனி. மூன்றாம் மாதம் லாபிக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுத்தேன்.

சரக்கு வண்டிக்கு நேர அட்டவணை இல்லை என்பதால் உங்கள் தூக்கத்துக்கும் இல்லை. ஓய்வு முடியும் நேரத்தை மனத்தில் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு, அதற்கு முன் 6 மணி நேரமாவது தூங்கிவிட வேண்டும். ‘இன்று நம் முறை வர நாளைக் காலை ஆகிவிடும்’ என்று கணித்துத் திருவிழாவுக்கோ இரண்டாம் ஆட்டத்துக்கோ போனவர்களுக்குத்தான், முன்னால் இருந்த இருவர் உடல்நலமில்லை என்று விலகி, அழைப்பு வந்து சேரும்.

5. லாபியில்: அரை மணி நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்

சி.எம்.எஸ். எனப்படும் பணியாளர் மேலாண்மைக் கணினி இயந்திரத்தில் சைன் ஆன் செய்வதும் (பணியேற்றதைப் பதிவதும்), மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதுவதும் இப்போது ஒரே நடைமுறை. மது அருந்தாதவர்களும் இதில் சிக்குவதுண்டு. இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம், சில ஹோமியோபதி மருந்துகள் ஆகியவற்றில் ஆல்கஹால் இருக்கிறது. அவற்றை எடுத்திருந்தால் ஊதுவதற்கு முன்பே மேற்பார்வையாளரிடம் சொல்லி, வாயைக் கழுவி, நேரம் விட்டு ஊதுங்கள். கருவி கத்திய பிறகு கொடுக்கும் விளக்கத்தை எவரும் நம்புவதில்லை.

அடுத்தது, சுற்றறிக்கைப் பதிவேடும், காஷன் ஆர்டர் எனப்படும் வேகக் கட்டுப்பாட்டு அறிவிப்பும். டி 409 என்ற அந்தத் தாளில் எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை என்ன வேகம் என்று இருக்கும். லோகோ பைலட்டிடம் (இன்ஜின் ஓட்டுநர்) ஒரு பிரதி, உங்களிடம் ஒரு பிரதி. இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். “என்ன கார்டு சார், ஆடிட்டரா நீங்க?” என்று என்னைக் கேலி செய்த பைலட் அண்ணனே, ஒரு நாள் தம்முடைய பிரதியில் ஒரு வரி அச்சாகாமல் விடுபட்டிருந்ததைக் கண்டபின் கேலியை நிறுத்திவிட்டார். கிலோமீட்டர் எண்களை உள்ளங்கை அளவுத் தாளில் வரிசையாக எழுதி வேனின் சன்னலருகே ஒட்டிக்கொண்டால், வண்டி அந்த இடத்தில் வேகம் குறைகிறதா என்று பார்க்க வசதியாக இருக்கும்.

6. ரேக்கை ஏற்றுக்கொள்ளுதல்: பணி முழுவதும் இங்கேதான் இருக்கிறது

டெல்டாவில் நீங்கள் அதிகம் கையாளப்போவது மூன்று வகை. குறுவை, சம்பா அறுவடைக்குப் பிறகு நெல்லும் அரிசியும் ஏற்றிய மூடிய வேகன்கள். உரம் ஏற்றி வந்து இங்கே இறக்கும் அதே வகை வேகன்கள். காரைக்கால் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிச் செல்லும் திறந்த வேகன்கள். பி.சி.என். எனப்படும் மூடிய வேகன்கள் 42 சேர்ந்தது ஒரு முழு ரேக். சில நாள் 21 வேகன்களோடு அரை ரேக்காகவும் கிளம்பும். முழு ரேக்கின் நீளம் 600 மீட்டரைத் தாண்டும். ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பினால் ஜல்லியில் ஒன்றேகால் கிலோமீட்டர் நடை. சோதித்துக்கொண்டே நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைக் குறைக்கச் சொல்லித்தான் எல்லோரும் உங்களை நெருக்குவார்கள்.

முதலில் பி.பி.சி. எனப்படும் பிரேக் பவர் சான்று. அதில் உள்ள வேகன் எண்ணிக்கை, கடைசி வேகனின் எண், பிரேக் வேனின் எண், வழங்கிய தேதி, செல்லுபடியாகும் நாள் அல்லது தூரம், வேலை செய்யும் பிரேக் சிலிண்டர்களின் விழுக்காடு ஆகியவற்றை நின்ற இடத்திலேயே படியுங்கள். பிறகு வேகன் பட்டியலோடு வண்டியை எண்ணுங்கள். கடைசி வேகனின் 11 இலக்க எண்ணில் ஓர் இலக்கம் பட்டியலில் மாறியிருந்தால்கூட, அதைத் திருத்தி வாங்காமல் கிளம்பாதீர்கள்; அடுத்த கோட்டத்தின் எல்லையில் நடு இரவில் அதைத் திருத்த ஆளே கிடைக்காது.

டெல்டாவின் சரக்குக் கொட்டகைகள் பலவற்றில் வேகன் பரிசோதனை ஊழியர்கள் இருக்கமாட்டார்கள். மூட்டை ஏற்றியோ இறக்கியோ முடிந்தபின், பி.பி.சி. செல்லுபடியாக இருந்தால், நீங்களும் லோகோ பைலட்டும் சேர்ந்து சோதித்துக் கையெழுத்திட வேண்டும். அதன் பெயர் ஜி.டி.ஆர். சோதனை. கப்ளிங் (வேகன்களை இணைக்கும் கொக்கி) பூட்டியிருக்கிறதா, காற்றுக் குழாய்கள் இணைந்துள்ளனவா, ஆங்கிள் காக்குகள் (காற்றுக் குழாய் முனையின் அடைப்பான்கள்) திறந்தும் கடைசி ஒன்று மட்டும் மூடியும் உள்ளனவா, ஹேண்ட் பிரேக் எல்லாம் விடுவிக்கப்பட்டதா, கீழே ஏதேனும் தொங்குகிறதா, கதவுகள் தாழிட்டிருக்கின்றனவா என்பதெல்லாம் அதில் அடங்கும். புதியவர்கள் தவறவிடுவது எம்ப்டி-லோடு கைப்பிடியை. பழைய வகை வேகன்களில் பக்கவாட்டில் இருக்கும் அந்தக் கைப்பிடி, சுமையோடு போகும்போது ‘லோடு’ பக்கமும் காலியாகப் போகும்போது ‘எம்ப்டி’ பக்கமும் இருக்க வேண்டும். உரம் இறக்கிவிட்டு அதே ரேக்கில் நெல் ஏற்றும் இடத்தில் இது மாறாமலே கிடக்கும். சுமை வண்டியில் ‘எம்ப்டி’ என்று இருந்தால் பிரேக் போதாது. காலி வண்டியில் ‘லோடு’ என்று இருந்தால் சக்கரம் சுழலாமல் வழுக்கித் தேய்ந்துவிடும்.

இரண்டு பக்கமும் நடக்க வேண்டும் என்று நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், என் முதல் தனிப்பணியில் நான் ஒரு பக்கம்தான் நடந்தேன். மாசி மாதம், இரவு 11 மணி, பெயர் வேண்டாம் என்று நினைக்கும் ஒரு நிலையத்துக் கொட்டகை. மறுபக்கம் சீமைக்கருவேலம் அடர்ந்து கிடந்தது. பாம்பு இருக்கும் என்று மூட்டை ஏற்றிய பெரியவர் ஒருவரும் சொன்னார். மூன்றாவது நிலையத்தைத் தாண்டும்போது ஸ்டேஷன் மாஸ்டர் சிவப்பு விளக்கைக் காட்டி வண்டியை நிறுத்தினார். மறுபக்கத்தில் 17-ஆவது வேகனின் கதவு தாழில்லாமல் வெளியே ஆடிக்கொண்டு வந்திருக்கிறது. நடைமேடை விளிம்பிலோ கேட்டில் நிற்கும் ஆள்மீதோ பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் வயிறு கலங்குகிறது. ஒரு மணி ஐம்பது நிமிடத் தாமதம், பின்னால் வந்த பயணிகள் வண்டிக்கும் தாமதம், பிறகு விளக்கக் கடிதம். பாம்புக்குப் பயப்படுவது நியாயம். அதற்கு நீளக் கழியும் தலைவிளக்கும் கணுக்கால் மூடிய காலணியும்தான் வழி. புதர் மண்டிக்கிடந்தால், அதனால் சோதனைக்கு இத்தனை நிமிடம் கூடுதலாகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு நடங்கள்.

நடை முடிந்ததும் பிரேக் வேனில் ஏறிக் காற்றழுத்த மானியைப் பாருங்கள். இன்ஜினில் பிரேக் குழாய் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ இருக்கும்போது, 56 வேகன்கள் வரையுள்ள வண்டியின் கடைசியில் 4.8 வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ கசிவு, அல்லது ஓர் ஆங்கிள் காக் பாதி திறந்திருக்கிறது, அல்லது மானியே பழுது. “கேஜ் எப்பவும் அப்படித்தான் காட்டும்” என்பது இத்தொழிலில் நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் வாக்கியம். அதை ஏற்காமல், வேறு மானி வைத்துப் பார்க்கக் கேளுங்கள். அழுத்தம் வந்தபின் பைலட்டை பிரேக் போடச் சொல்லி உங்கள் மானி இறங்குகிறதா, விட்டபின் ஏறுகிறதா என்று பார்ப்பதே தொடர்ச்சிச் சோதனை, மானியில் 4.8 நின்றாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்கக்கூடாது, ஏனெனில் காற்று நிரம்பிய பிறகு நடுவில் யாரேனும் ஓர் ஆங்கிள் காக்கினை மூடியிருந்தால் மானி அதே எண்ணைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும்.

கடைசியாக எல்.வி. பலகை, இரவென்றால் மினுக்கும் சிவப்பு விளக்கு. இது இல்லாமல் வண்டி ஒரு நிலையத்தைக் கடந்தால், ரயில் முழுதாக வந்ததா என்ற ஐயத்தில் அந்தப் பகுதியையே அடைத்துவிடுவார்கள். விளக்கின் மின்கலத்தை நம்பாமல் மாற்று ஒன்று வைத்திருங்கள்.

சுமை தூக்கும் அண்ணன்கள் சிலர், “அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிக்கிறோம், வேன்ல ஏறிக்கலாமா சார்?” என்று கேட்பார்கள். நாள் முழுக்க மூட்டை சுமந்தவர்களிடம் மறுப்பது சங்கடம்தான். ஆனால் அனுமதிச் சீட்டு இல்லாத எவரும் பிரேக் வேனில் ஏறக்கூடாது. ஏதேனும் நேர்ந்தால் அவர்கள் குடும்பத்துக்கும் எதுவும் கிடைக்காது, உங்களுக்கும் வேலை இருக்காது.

7. ஓட்டத்தில்: லூப் லைனும் ஒன்பது மணிக் கடிகாரமும்

வண்டி கிளம்பியபின் செய்ய வேண்டியது ஒப்பீட்டில் எளிது. ஒவ்வொரு நிலையத்திலும் ஸ்டேஷன் மாஸ்டரோடு பச்சைக் கொடியோ விளக்கோ காட்டி சரி சொல்வது, வளைவுகளில் வண்டியின் இரு பக்கத்தையும் பார்ப்பது, புகை, தீப்பொறி, கருகும் வாடை ஆகியவற்றைக் கவனிப்பது, நேரங்களை எழுதுவது. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது தூக்கம் அசத்தும். அந்நேரத்தில் நின்றுகொண்டே வருவதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

லூப்பில் எடுத்தால், உங்கள் வேன் ஃபவுலிங் மார்க்கை (பக்கத்துப் பாதையின் வண்டியில் இடிக்காத எல்லைக் குறி) தாண்டி உள்ளே வந்துவிட்டதா என்று இறங்கிப் பார்த்தபின்தான் சொல்ல வேண்டும். லூப்கள் பலவும் 686 மீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்டவை. முழு ரேக்கும் இன்ஜினும் சேர்ந்தால் மிச்சம் அதிகமில்லை. ஒற்றைப் பாதையில் எதிரே வரும் பயணிகள் வண்டிக்கும் பின்னால் வரும் விரைவு வண்டிக்கும் வழிவிட்டு நீங்கள் நான்கு மணி நேரம் அங்கேயே கிடக்கலாம். சாப்பாட்டை முதல் லூப்பிலேயே முடித்துவிடாமல் இரண்டாகப் பிரித்து வையுங்கள். தயிர்சாதமும் புளிச்சோறும் தாங்கும். சாம்பார் சாதம் சித்திரை வெயிலில் வேனின் இரும்புக்குள் மதியத்துக்குமேல் தாங்காது.

இனி நேரக் கணக்கு. ஒரே மூச்சில் ஓட்டப்பணி 9 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. தாண்ட வேண்டியிருந்தால் அது முடிய இரண்டு மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்கு அறிவிக்க வேண்டும். அப்போதும் சைன் ஆனிலிருந்து சைன் ஆஃப் வரை மொத்தம் 11 மணி நேரமே வரம்பு. விபத்து, வெள்ளம் போன்றவை விலக்கு. ஆறாவது மணி முடியும்போதே லோகோ பைலட்டோடு பேசி, இந்த வேகத்தில் எங்கே போய்ச் சேருவோம் என்று கணக்கிட்டு, ஏழாவது மணிக்குள் ஸ்டேஷன் மாஸ்டர் வழியாக மாற்றுக் குழு கேட்டு எழுத்தில் கொடுங்கள். நேரத்தோடு அவருடைய கையெழுத்தையும் வாங்குங்கள். வாக்கி டாக்கியில் வாய்மொழியாகக் கேட்டால் எதுவும் கேட்டதாகப் பதிவாகாது. நான் இரண்டு முறை வாய்மொழியாகக் கேட்டு, இரண்டு முறையும் “நீங்கள் கேட்கவே இல்லையே” என்ற பதிலைப் பெற்றேன்.

8. நடுவழியில் நின்றால்

மாடு அடிபடுவது, குழாய் பிரிவது, கப்ளிங் அறுவது ஆகியவை டெல்டாவில் நான் பார்த்தவை. நான்கு குறுகிய விசில் கேட்டால் வண்டி மேற்கொண்டு செல்ல இயலாது என்று பொருள். முதலில் வேனின் ஹேண்ட் பிரேக்கை இறுக்கிவிட்டு, நடந்ததைப் பைலட்டிடம் கேட்டுக்கொண்டு, பின்னால் வரும் வண்டியை எச்சரிக்கப் பாதையில் பின்னோக்கி நடந்து டெட்டனேட்டர் வைக்க வேண்டும்: 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. இரட்டைப் பாதையில் பக்கத்துப் பாதை மறிபட்டிருந்தால் அதைக் காப்பதே முதல் வேலை. 1,200 மீட்டர் என்பது எவ்வளவு என்று ஒரு நாள் பகலில் நடந்து பார்த்து உங்கள் அடிகளை எண்ணி வையுங்கள். எனக்கு 1,650 காலடி. மின்கம்பங்களில் உள்ள எண்களும் உதவும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது ஐப்பசி கார்த்திகையில், வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பத்து நிமிடத்துக்கு ஒரு நீரோட்டத்தைக் கடப்பீர்கள். ஆற்றுப் பாலங்களைவிடச் சிறு மதகுகளே ஆபத்து. வயலில் தேங்கிய நீர் கரையை அரித்து ஜல்லிக்குக் கீழே புகும். பாதையின் இருபுறமும் நீர்மட்டம் ஒன்றுபோல இல்லாமல் ஒரு பக்கம் உயர்ந்து நின்றால், அந்தக் கிலோமீட்டரைக் குறித்து அடுத்த நிலையத்தில் உடனே சொல்லுங்கள். தவறான எச்சரிக்கை என்று தெரிந்தாலும் அதற்காக யாரும் தண்டித்ததில்லை.

9. வண்டியை விட்டுவிட்டு வருதல்

ரேக்கை ஒரு நிலையத்தில் நிறுத்திவிட்டு வரும்படி சொன்னால், ‘டெல்டாதான் தட்டையான பூமியாயிற்றே, எங்கே உருளப்போகிறது’ என்ற எண்ணம் வரும். நிலைய யார்டில் 400-க்கு 1 என்ற சரிவு வரை அனுமதி உண்டு; அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சுமை ஏற்றிய வேகனின் உருளைத் தாங்கிக்குத் தெரியும். நிலைய விதிகளில் சொன்ன எண்ணிக்கையில் ஹேண்ட் பிரேக்குகளை இறுக்கி, மரக்கட்டை வைத்து, சங்கிலி போட்டுப் பூட்டி, அவ்வாறு செய்ததைப் பதிவேட்டில் நீங்களும் ஸ்டேஷன் மாஸ்டரும் கையெழுத்திட்ட பிறகுதான் இன்ஜினைக் கழற்ற விட வேண்டும்.

10. சைன் ஆஃப், ஓய்வு, படித்தொகை

களைப்பில் இருக்கும்போதுதான் கணக்கு எழுத வேண்டியிருக்கிறது என்பது இந்த வேலையின் வினோதம். கூட்டு ரயில் அறிக்கையில் ஒவ்வொரு நிலையத்திலும் வந்த நேரம், புறப்பட்ட நேரம், தாமதக் காரணம், ஷண்டிங் செய்த நேரம் ஆகியவற்றை 24 மணி முறையில் எழுதுங்கள். உங்கள் கிலோமீட்டர் படி இதிலிருந்துதான் வரும். ஷண்டிங் நேரத்தை எழுத மறந்தால் அதற்குரிய தொகை இல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலான பணிநேரம் இரவுப்பணிப் படிக்குத் தனியாகக் கணக்காகும். அறிக்கையைக் கைப்பேசியில் படம் எடுத்து மாதவாரியாகச் சேமித்து வையுங்கள். என் நான்காம் மாதச் சம்பளத்தில் மூன்று பயணங்கள் விடுபட்டிருந்தன. படம் இருந்த இரண்டுக்குப் பணம் வந்தது.

தலைமையிடத்தில் ஓய்வு, பணி 8 மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் 16 மணி நேரம், குறைவென்றால் 12. வெளியூரில் 8 மணி நேரப் பணிக்கு 8 மணி நேர ஓய்வு. இவை தவிர மாதத்தில் 30 மணி நேர ஓய்வு நான்கு, அல்லது 22 மணி நேர ஓய்வு ஐந்து. சைன் ஆஃப் நேரத்தை ஐந்து நிமிடம் முன்னதாகப் போடச் சொல்லி யாராவது கேட்டால், பணி 7 மணி 55 நிமிடமாகிவிடும், ஓய்வில் நான்கு மணி நேரம் போய்விடும் என்பதை நினைவில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

ரன்னிங் ரூமுக்கு (வெளியூரில் ஓட்டப் பணியாளர் தங்கும் ஓய்வு விடுதி) போனதும் முதலில் சமையல்காரரிடம் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுங்கள், குளியல் பிறகு. அரிசியோ காய்கறியோ நீங்கள் கொண்டுபோனாலும் சமைத்துத் தருவார்கள். போர்வை, காதடைப்பான், கைப்பேசி மின்னூட்டி மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். சன்னலோரக் கட்டில் காலியாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்; கதவோரக் கட்டில் வேண்டாம், அடுத்த வண்டிக்கு ஆள் எழுப்ப வருபவர் இருட்டில் முதலில் தட்டுவது அதைத்தான்.